டைனமோ உரசுகிறதே, அது உராய்வு மின்சாரமா?

(பதில் சொல்பவர்: சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தோட்டப்பள்ளி அறிவியல் ஆசிரியர்)

கேள்வி: என் தாத்தா பால்மரம் வெட்டப் போகும்போது, சைக்கிள் டயரில் உரசும் டைனமோவில்தான் விளக்கு எரியுமாம். அது உராய்வு மின்சாரம்தானே? அப்படியே செருப்பு தரையில் உரசுவதை வைத்துக் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற முடியாதா, சார்?
– வாசகி, பாகாவ்

பதில்: எங்கள் அப்பா சைக்கிளிலும் அந்த டைனமோ இருந்தது, தங்கச்சி. தட்டி டயரில் சாய்த்ததும் 'ர்ர்ர்' என்று இரையும். மிதி கனத்துப் போகும். மழையில் டயர் நனைந்தால் டைனமோவின் குட்டிச் சக்கரம் வழுக்கி விளக்கு அணைந்துவிடும். மழைநாளில் மரம் வெட்டு இல்லை என்பதால் அப்பாவுக்குக் கவலையில்லை. இரவில் டியூஷனுக்குப் போகும் எனக்குத்தான் தொல்லை.

அங்கே உராய்வுக்கு வேலை பிடிமானம் மட்டும்தான். உள்ளே காந்தம் சுற்ற, கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த வழி அது. பெரும்பாலும் 6 வோல்ட், 3 வாட்.

உராய்வு மின்சாரம் வேறு. இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது மின்னூட்டம் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். பலூனை முடியில் தேய்த்துச் சுவரில் ஒட்டுகிறோமே, அதுதான். (தேங்காய் எண்ணெய் தடவிய மாணவன் தலையில் தேய்த்துக் காட்டப் போய், வகுப்பே சிரிக்க அசடு வழிந்திருக்கிறேன்.) நம் ஊர்ப் புழுக்கமும் இதற்கு எதிரி, காற்றின் ஈரம் மேலே படிந்து மின்னூட்டம் கசிந்துவிடும். ஏர்கோன் பஸ்ஸில் ஸ்வெட்டரைக் கழற்றும்போதுதான் 'சடசட' கேட்கும்.

அந்தச் சடசடப்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு. ஆனால் பாயும் மின்னூட்டம் சொற்பம், அதனால்தான் பிழைத்துக்கொள்கிறோம். கைப்பேசிக்கு இடிப்பதும் இதில்தான். அதற்கு 5 வோல்ட் போதும், ஆனால் அரை ஆம்பியராவது வேண்டும். உராய்வில் கிடைப்பது பெரும்பாலும் மைக்ரோஆம்பியர் கணக்கு. அதாவது ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு.

ஆனாலும் உங்கள் செருப்பு யோசனை வீண் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சோங் லின் வாங் குழு 2012-இல் இதற்கென்றே ஒரு கருவி செய்தது. இரண்டு வகை பிளாஸ்டிக் படலங்கள், வெளிப்பக்கம் உலோகப் பூச்சு. அழுத்தி அழுத்தி விட்டால் மின்சாரம் வரும். செருப்புக்குள் வைத்து நடந்து சின்ன எல்.ஈ.டி. விளக்குகளை மினுக்கியும் காட்டிவிட்டார்கள். உள்ளே ஈரம் புகாமல் மூடிவைப்பதுதான் பெரும்பாடு.

அப்புறம், தாத்தாவின் டைனமோ வீட்டில் கிடந்தால் வீசிவிடாதீர்கள். அதில் வருவது மாறுதிசை மின்சாரம். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் நான்கு டையோடும், வோல்ட்டை நிலையாக வைக்கும் ஒரு ரெகுலேட்டரும் சேர்த்து மிதித்தால் பழைய பட்டன் ஃபோனுக்குச் சார்ஜ் ஏறும். மெதுவாகத்தான்.