மூன்று விளக்குகள்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்தும் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, பிள்ளைகளுக்காக ஒரு சூப்பர்ஹீரோ அனிமேஷன் தொடர் செய்கிறோம். ஒரு பாகம் 7 நிமிடம். டர்பன் துறைமுகத்தில் இறங்கும் வேற்றுக்கிரகவாசிகளிடம் 'ஆழிக்கோல்' என்றொரு ஆயுதம் இருக்கிறது. உருக்கும், உறையவைக்கும், வேறு உலகத்துக்கு வாசல் திறக்கும். வேல் போன்ற முனை, பிடி முழுக்கத் தமிழி என்ற பழந்தமிழ்க் கல்வெட்டு எழுத்து, நுணுக்கமான வேலைப்பாடு. ஸ்டோரிபோர்டை, அதாவது கதையைக் காட்சி காட்சியாக வரைந்த படங்களை, பிள்ளைகளிடம் காட்டினோம். யாரும் பயப்படவில்லை. ஒரு பையன், "இத்தனையும் செய்ய முடிந்தால் அவங்க ஏன் முதல் நிமிஷத்திலேயே ஜெயிக்கவில்லை?" என்று கேட்டுவிட்டான். எங்கே பிசகியது? கையில் கட்டிக்கொள்ளும் கருவியாக மாற்றலாமா? அப்படிச் செய்தால் பென் 10 காப்பி என்பார்களா?

ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பையனைக் கதைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆயுதத்தால் என்னென்ன முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எது முடியாது என்று ஒரு வரி கூட இல்லை. கதை நடப்பது அந்த விடுபட்ட வரியில்தான்.

2005இல் வந்த பென் 10 அனிமேஷன் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். பென் என்ற பையனை வேற்றுக்கிரக உருவங்களாக மாற்றும் மணிக்கட்டுக் கருவிதான் ஆம்னிட்ரிக்ஸ். அது எத்தனை உருவம் தருகிறது என்பதா பிள்ளைகளை நுனியில் உட்கார வைத்தது? நேரம் தீர்ந்து சிவப்பு ஒளி அடித்துப் பையன் மறுபடி பையனாவதுதான். கேட்ட உருவத்தை விட்டு வேறொன்றைக் கொடுத்துக் காலை வாரிவிடும். ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ தொடரில் சிறகுள்ள நாயகி ஹாக்கேர்ளின் கதாயுதமும் அப்படி. பார்க்க வெறும் தண்டம், ஆனால் மந்திரத்தை முறிக்கும். அந்த ஒரு குணத்தை வைத்தே பல காட்சிகளை ஓட்டினார்கள். 2004இல் அத்தொடரின் இறுதியில் அவளுடைய இனத்தாரான தனகாரியர் பூமியைக் காக்கும் கவசம் என்று சொல்லி கோபி பாலைவனத்தில் ஒன்றைக் கட்டுகிறார்கள். அது விண்கப்பல்களுக்கான குறுக்குவழி, இயங்கினால் பூமியே மிஞ்சாது. ஆயுதம் போலவே தெரியாத ஆயுதம். உங்கள் வேலைப்பாட்டையெல்லாம் விட அது பயமுறுத்தும்.

ஆகவே உறையவைப்பதையும் வாசல் திறப்பதையும் வெட்டிவிடுங்கள். உருக்குவது போதும். பிடியில் மூன்று விளக்கு. ஒரு தடவை சுட்டால் ஒன்று அணையும். மூன்றும் அணைந்தால் அது வெறும் கம்பி. ஒரு விளக்கு ஏற 40 நிமிடம், மூன்றும் ஏற 2 மணி நேரம், அதுவும் நம் ஊர்ச் சுவர் பிளக்கில் சொருகினால்தான். மீதியை நம் மின் நிறுவனம் எஸ்காம் பார்த்துக்கொள்ளும். 2022, 2023ஆம் ஆண்டுகளின் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) அட்டவணையை மறந்த குடும்பம் இங்கே ஏது? வில்லன் ஒரு விளக்கோடு நிற்கும்போது பகுதி முழுக்கக் கரண்ட் போகட்டும். பாட்டிகளும் சேர்ந்து சிரிப்பார்கள். கதாநாயகிக்கும் கிடைப்பது அந்த 2 மணி நேரம்தான்.

இதில் கெடுவது எங்கே தெரியுமா? கணக்கில். 3ஆம் காட்சியில் அணைந்த விளக்கு 5ஆம் காட்சியில் எரிந்தால் பிள்ளைகள்தான் முதலில் பிடிப்பார்கள். காட்சி எண், ஷாட் எண், எரியும் விளக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, வரைபவர் ஒவ்வொருவர் முன்னும் ஒட்டிவையுங்கள்.

பெயர். 'ஆழிக்கோல்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழை வகுப்பில் கற்கும் பிள்ளை விளையாடும்போது அதை 'ஆலிக்கோல்' என்றுதான் கத்தும். ஆயுதத்தின் பெயர் ஓடிக்கொண்டே கத்த வேண்டிய சொல், நாக்குப் புரளாமல் வரட்டும். ழகரத்தைக் கதாநாயகி பெயருக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே ஆசிரியர் திருத்த நேரம் இருக்கும்.

வேல் முனை வேண்டவே வேண்டாம். தைப்பூசத்தில் காவடி பார்த்து வளரும் பிள்ளைக்கு வேல் யாருடையது என்று தெரியும். வில்லன் கையில் அதைக் கொடுத்தால் குழப்பமும் மனவருத்தமும்தான் மிஞ்சும். அதற்குப் பதில் கரும்புக் கத்தியைப் பாருங்கள்: அகன்ற, முனை மழுங்கிய அலகு, சிலவற்றில் முதுகில் ஒரு கொக்கி. முழுக்கக் கறுப்பாக நிரப்பி, கட்டைவிரல் நகமளவு சுருக்கினாலும் அடையாளம் தெரியும் வடிவம் அது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் கை தேய்ந்த கருவி எதிரி கையில் வருவது கதைக்கும் ஏதாவது தரும்.

இனி வேலைப்பாடு. நொடிக்கு 24 ஃப்ரேம், ஒரு படம் இரண்டு ஃப்ரேமுக்கு என்றால் நொடிக்கு 12 படம். ஆயுதம் ஒரு பாகத்தில் 90 நொடி திரையில் இருந்தால் 1,080 படம். நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் ஏறக்குறைய 40 கோடு இருக்கிறது, அதாவது 43,200 கோடு. 14 கோட்டில் நிறுத்தினால் 15,120. நான்கு பேர் குழுவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எல்லோரும் பார்த்து வரைய வைக்கும் மாதிரித் தாளில் (மாடல் ஷீட்) முன், முக்கால், பக்கம், பின் என்று நான்கு கோணமும், கதாநாயகியின் தலை உயரத்தை அளவுகோலாக வைத்து நீளமும் குறியுங்கள். இரண்டரைத் தலை நீளம் போதும். அதற்கு மேல் போனால் நெருக்கமான ஷாட்டில் முனை சட்டகத்தை விட்டு வெளியே போய்விடும்.

கட்-அவுட் ரிக்கில், அதாவது துண்டு துண்டாக வரைந்து மூட்டுகளில் இணைத்து அசைக்கும் பொம்மையில், செய்வதாக இருந்தால் கையை இரண்டாகப் பிரியுங்கள்: உள்ளங்கை ஆயுதத்துக்குக் கீழே ஒரு லேயர், விரல்கள் மேலே இன்னொரு லேயர். ஒரே லேயர் என்றால் கோல் கையில் ஒட்டாமல் மிதக்கும். சுழலும் புள்ளி பிடியின் நடுவில் இருக்கட்டும், கோலின் நடுவில் அல்ல. தமிழி எழுத்துக்கு இங்கேதான் ஆபத்து. பாத்திரத்தை வலமிருந்து இடமாகத் திருப்ப ரிக்கை அப்படியே புரட்டுவீர்கள், எழுத்தும் கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறிவிடும். ஊர்க்காரர் கவனிக்க மாட்டார், கல்வெட்டுப் படித்தவர் விடமாட்டார். தமிழியில் 'க' கூட்டல் குறி போன்றது, 'ர' நேர்நிலைக் கோடு. இரண்டும் புரட்டினாலும் மாறாது. சேர்த்தால் 'கர', கோலைப் பிடிக்கும் கைக்குப் பொருத்தம்தான்.

சுடும் ஷாட்டை இப்படிப் பிரியுங்கள். ஒளி திரள்வதற்கு 12 ஃப்ரேம். பிறகு 3 ஃப்ரேம் எல்லாம் அடங்கி இருட்ட வேண்டும், ஒலியும் நிற்க வேண்டும். பெரும்பாலான கத்துக்குட்டி அனிமேஷனில் காணாமல் போவது இந்த 3 ஃப்ரேம்தான், அதனால்தான் வெடிப்பு சப்பென்று இருக்கும். அடுத்து கதிர் 10 ஃப்ரேம், மூன்று படங்களை மாற்றி மாற்றி, ஃப்ரேமுக்கு ஒன்றாக. சுட்டவர் தோள் 2 ஃப்ரேமில் பின்னால் போய் 8 ஃப்ரேமில் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் கையில் இருப்பது காகிதக் குழல்.

உருகிய இடத்தின் நிறம் வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், கருஞ்சிவப்பு என்று 3 நொடியில் ஆறட்டும். துறைமுகக் கண்டெய்னர் எஃகால் ஆனது; அதன் அடிப்படையான இரும்பு உருகுவது 1,538 டிகிரி செல்சியஸில். அலுமினியத்தைச் சுட்டால் இந்த நிறமெல்லாம் வராது. 660 டிகிரியிலேயே உருகிவிடும், பகல் வெளிச்சத்தில் வெள்ளிபோலவே வழியும்.

ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமானின் ஒரு பாகத்தில், ஒரு வெடிப்புக் காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 தடவை மாறி மாறி அடித்தன. வலிப்பு, தலைசுற்றல் என்று 685 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு நொடிக்குள் மூன்று மின்னலுக்கு மேல் வேண்டாம். திரையின் கால் பங்குக்கு மேல் மின்ன வேண்டாம். அடர்சிவப்பு மின்னல் ஒன்று கூட வேண்டாம். பின்னணியை ஒரு படி இருட்டாக்கி, கதிரின் நடுப்பகுதியை மட்டும் 6 ஃப்ரேமில் மெல்ல வெளுக்க விடுங்கள். பார்ப்பவருக்கு அதே பளிச்சு கிடைக்கும்.

மணிக்கட்டில் கட்டும் கருவி யாருக்கும் சொந்தமல்ல. ஆம்னிட்ரிக்ஸின் அந்தப் பச்சை மணற்கடிகைக் குறிதான் அவர்களுடையது. ஆனால் கோலை விடாதீர்கள், கீழே போட முடிகிற ஆயுதம்தான் கதைக்கு உதவும். போட்டால் யாரோ எடுப்பார்கள் அல்லவா?

வண்ணம் தீட்டுவதற்கு முன் 20 நொடி அனிமேட்டிக் ஒன்று (ஸ்டோரிபோர்டுப் படங்களை நேரக் கணக்கோடு ஓடவிடும் முன்னோட்டம்) செய்து, அந்தப் பையனுக்கு மட்டும் போட்டுக் காட்டி, எத்தனை விளக்கு மீதி என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் வரையத் தொடங்கலாம்.

அன்புடன்