அசல் ஸ்பானியர் யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கால்பந்து பார்க்கப் போய் ஸ்பெயின் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். பார்சிலோனாக்காரர்களில் பலர் தங்களை ஸ்பானியர் என்று சொல்லிக்கொள்ள ஏன் தயங்குகிறார்கள் என்று தேடியதில் தொடங்கியது. ஐபீரியர், கெல்ட்டுகள், ரோமானியர், விசிகோத்துகள், அரேபியர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இவர்களில் அசல் ஸ்பானியர் யார்? எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

வி., திருச்சி

அன்புள்ள வி.,

முதலில் அந்த ‘அசலை’ ஓரமாக வைத்துவிடுங்கள். அது கையில் இருக்கும்வரை ஸ்பெயின் பிடிபடாது.

ஸ்பெயினின் கிழக்குக் கரை நகரமான வாலென்சியாவில், பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் வியாழக்கிழமை நண்பகலில் ஒரு நீதிமன்றம் கூடுகிறது. மணி பன்னிரண்டு அடித்ததும் கறுப்பு மேலங்கி அணிந்த எட்டு விவசாயிகள் வட்டமாக அமர்கிறார்கள். அவர்கள் பாசனக்காரர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். பித்தளைக் கொக்கி பொருத்திய தடியோடு நிற்கும் சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் கூவி, முறையீடு உண்டா என்று கேட்பார். முறை தவறி மடையைத் திறந்தவர், தண்ணீரை வீணாக்கியவர் எல்லாரும் இங்கேதான் வந்து நிற்க வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, விசாரணை முழுக்க வாய்மொழி, தீர்ப்பும் அங்கேயே. பல வாரங்களில் வழக்கே இருக்காது. சில நிமிடங்களில் எழுந்து போய்விடுவார்கள்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். பேராலயம் நிற்பது முன்பு மசூதி இருந்த இடத்தில். வாய்க்காலை அவர்கள் ‘செக்கியா’ என்கிறார்கள். அது ‘சாக்கியா’ என்னும் அரபுச் சொல். சேவகர் கூவுவதோ மாட்ரிட்டின் ஸ்பானிய மொழியில் அல்ல, பார்சிலோனாக்காரர்கள் பேசும் கட்டலானின் குடும்பத்து வாலென்சிய மொழியில். அந்த மொழி லத்தீனிலிருந்து வந்தது. வட ஆப்பிரிக்க வல்லரசான கார்த்தேஜோடு சண்டையிட கி.மு. 218இல் வந்திறங்கிய ரோமானியர் கொண்டுவந்தது அது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பம் முழுவதையும் பிடிக்க அவர்களுக்கு இருநூறு ஆண்டுகள் பிடித்தன. பழைய மொழிகளில் பாஸ்க் ஒன்றுதான் தப்பிப் பிழைத்தது. அதற்கு உலகில் உறவுமொழி என்று இன்றுவரை எதுவும் உறுதிப்படவில்லை. ரோமுக்குப் பின் வந்த ஜெர்மானிய இனத்தாரான விசிகோத்துகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம்: டொலேடோவிலிருந்து ஆண்டார்கள், 589இல் அரசு கத்தோலிக்கமானது, 711இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து வந்த முஸ்லிம் படையிடம் தோற்றார்கள்.

அதன்பின் நடந்ததை ‘எண்ணூறு ஆண்டுப் போராட்டம், பிறகு மீட்பு’ என்று ஒரே மூச்சில் சொல்லும் நூல்களை நான் நம்புவதில்லை. அந்த மீட்புக்கு இட்ட ‘ரெகோன்கிஸ்தா’ என்ற பெயரே பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். 1238இல் அரகான் மன்னர் முதலாம் ஜாவுமே வாலென்சியாவைப் பிடித்தபோது, பாசன முறை முஸ்லிம்கள் காலத்தில் இருந்தபடியே தொடரட்டும் என்று எழுதிக் கொடுத்தார். மன்னர் மாறினார், கோயில் மாறியது, தண்ணீர் முறை மாறவில்லை. மொழியும் அப்படித்தான். தீவிரக் கத்தோலிக்கப் பாட்டி ஒருவர் “ஓஹலா” என்று பெருமூச்சு விட்டால் ‘அப்படி நடக்கட்டுமே’ என்று பொருள். அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பது அல்லா.

துரத்தியவர்களையும் கணக்கில் சேருங்கள். 1492இல் யூதர்களிடம் மதம் மாறு அல்லது வெளியேறு என்றார்கள். பிறகு முஸ்லிம்களும் ஞானஸ்நானம் பெற வற்புறுத்தப்பட்டார்கள். அப்படிப் பெற்றும் அவர்களின் சந்ததியினர் தப்பவில்லை. 1609 தொடங்கி ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். ஆணை முதலில் அறிவிக்கப்பட்டது இதே வாலென்சியாவில்தான். அந்த வாய்க்கால்களில் பாய்ந்த நீரில் பயிர் செய்தவர்களில் எத்தனையோ பேர் அவர்கள்.

உங்கள் பார்சிலோனா கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. 1469இல் காஸ்டீலின் இசபெல்லாவும் அரகானின் ஃபெர்டினாண்டும் மணந்தது இரு மகுடங்களைத்தான் சேர்த்தது. பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கட்டலோனியாவின் சட்டங்களும் மன்றங்களும் தனியாகவே இருந்தன. 1714 செப்டம்பர் 11இல் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் ஃபிலிப்பின் படையிடம் பார்சிலோனா வீழ்ந்தது. அந்தச் சட்டங்களையும் மன்றங்களையும் அவர் ஒழித்தார். தோற்ற அந்த நாளைத்தான் கட்டலான்கள் இன்றும் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் அவர்கள் மொழி பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் விரட்டப்பட்டது. 1978 அரசியலமைப்புதான் தன்னாட்சிக்கு மறுபடி வழிவிட்டது. தயக்கம் வராமல் என்ன செய்யும்?

ஆகவே 1609இல் தொடங்கிப் பின்னோக்கிப் படியுங்கள். துரத்தப்பட்டவர்கள் யார் என்று தேடிப் போனால் 711க்கும் ரோமுக்கும் தானாகவே போய்ச் சேர்வீர்கள். கொலம்பஸையும் அமெரிக்க வெள்ளியையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள்.