தனியார் தபாலுக்கு லைசென்ஸ் எதற்கு? பிரிட்டன் அனுபவம்: கேள்வி பதில்

பிரிட்டனில் காலங்காலமாகத் தபால் கொடுத்துவரும் ராயல் மெயிலோடு போட்டியிட வந்த தபால் நிறுவனங்களுக்கு 2001இல் லைசென்ஸ் முறை வந்தது. பத்து வருடம் கழித்து அந்த லைசென்ஸே எடுக்கப்பட்டுவிட்டது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பார்சல் கொடுக்கிறவர்களுக்கு லைசென்ஸ் இல்லை. கடிதத்துக்கு மட்டும் ஏன்?

கடிதம் நெடுங்காலமாக அரசின் ஏகபோகம். லண்டன் தெரு ஒன்றில் கடிதம் கொடுக்க ஆகும் செலவு வேறு, ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் கொடுக்க ஆகும் செலவு வேறு. ஆனால் தபால்தலை விலை ஒன்றுதான். லாபமான தெருக்களை மட்டும் வேறொருவர் கொத்திக்கொண்டு போனால் தீவுக்கு யார் காசு தருவது என்ற பயம் இருந்தது. 2000ஆம் ஆண்டு அஞ்சல் சேவைகள் சட்டம் ஏகபோகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லைசென்ஸை வைத்தது. கொடுக்கும் அதிகாரம் போஸ்ட்காம் என்ற ஆணையத்துக்கு. 350 கிராமுக்குக் குறைவாகவும், கட்டணம் ஒரு பவுண்டுக்குக் குறைவாகவும் இருக்கும் கடிதங்களுக்குத்தான் லைசென்ஸ் தேவைப்பட்டது. இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் தேவைப்படவில்லை.

கேள்வி: லைசென்ஸ் வாங்கியதும் எந்தக் கடிதத்தையும் எடுக்கலாமா?

முதலில் முடியாது. 2003இல் மொத்தமாக அனுப்பும் தபாலை மட்டும் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். ஒரே இடத்திலிருந்து ஒரே வடிவில் 4,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களிடம் மட்டும் வியாபாரம் பிடிக்கலாம். வங்கி, மின்சார நிறுவனம் மாதிரி. 2006 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் எல்லாமும் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகள் 2011 வரை எடுத்துக்கொண்டன. ஸ்வீடன் 1993இலேயே திறந்துவிட்டது.

கேள்வி: 'விதிகளை எளிதாக்கினோம்' என்று எல்லா ஆணையமும்தான் சொல்கிறது. உண்மையில் எது குறைந்தது?

நியாயமான சந்தேகம். பக்க எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு எளிமை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: தொழில் தொடங்கும் முன் யாரிடமாவது காத்திருக்க வேண்டுமா?

லைசென்ஸ் முறையில் காத்திருக்க வேண்டும். விண்ணப்பம், பரிசீலனை, அப்புறம் உங்கள் பெயருக்கு என்று ஒரு ஆவணம். அதில் பின்னால் ஒரு நிபந்தனையை மாற்றுவது ஆணையத்துக்கும் சுலபமில்லை. லைசென்ஸ் வைத்திருப்பவர் சம்மதிக்க வேண்டும். அவர் மறுத்தால் விவகாரம், தொழில் போட்டியைக் கண்காணிக்கும் 'போட்டி ஆணையம்' என்ற வேறொரு அமைப்புக்குப் போகும். ஆக, காலத்துக்கு ஒவ்வாத ஒரு வரியை எடுப்பதற்கும் ஒவ்வொரு லைசென்ஸாகத் திறந்து பார்க்க வேண்டிய நிலை.

2011ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வருடம் அக்டோபர் 1 முதல் லைசென்ஸை எடுத்துவிட்டது. பதிலுக்கு வந்தது பொது அனுமதி. முன்கூட்டி யாரும் உங்களுக்குத் தலையசைக்க வேண்டாம். எல்லாருக்கும் பொதுவாக எழுதிய நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் போதும், மீறினால் அபராதம். மேற்பார்வை போஸ்ட்காமிடமிருந்து, தொலைபேசித் துறையைக் கண்காணிக்கும் ஆணையமான ஆஃப்காமுக்குப் போனது. தொலைபேசித் துறையில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடுதான் இது. வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, உள்ளே வந்தபின் கண்காணிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான எளிமை.

கேள்வி: அப்படியென்றால் என் கடிதத்தை யார் வேண்டுமானாலும் கையில் எடுக்கலாமா? பயமாக இருக்கிறதே.

லைசென்ஸ் போனாலும், கடிதத்தைப் பத்திரமாகக் கையாள வேண்டும் என்ற நிபந்தனை போகவில்லை. தபாலின் பாதுகாப்பு என்பார்கள்: வேலைக்கு எடுப்பவரின் பின்னணியைப் பார்ப்பது, பயிற்சி, திருட்டும் தாமதமும் நடக்காமல் தடுப்பது. இதை யாரும் நீக்கச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

இன்னொன்றும் இருந்தது, அது அதிகம் பேசப்படாது. ஒரு போட்டி நிறுவனம் கொடுத்த கடிதம் உங்கள் வீட்டுக்கு வருகிறது. பெயர் உங்களுடையது இல்லை. 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதி, தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போடுகிறீர்கள். பெட்டி ராயல் மெயிலுடையது, கடிதம் அவர்களுடையதில்லை. யார் எடுத்துப் போவது, யார் செலவு? இதற்காகவே நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவான நடைமுறை விதிகள் வந்தன. யார் கையாண்டது என்று தெரிய உறையில் அடையாளம் இருக்க வேண்டும், தவறி வந்ததை உரியவரிடம் திருப்ப வேண்டும், ஆன செலவை வசூலிக்கலாம். சின்ன விஷயம்தான். ஆனால் இது இல்லாமல் இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருவில் வேலை செய்ய முடியாது. விதிகளைக் குறைக்கும்போது எதைத் தொடக்கூடாது என்பதற்கு என் முதல் உதாரணம் இதுதான்.

கேள்வி: நான் பிரிட்டனில் இருக்கிறேன். வீட்டுக்குக் கடிதம் கொண்டுவருவது எப்போதும் ராயல் மெயில்காரர்தான். போட்டி எங்கே?

உங்கள் வங்கிக் கடிதத்தின் மேல் வலது மூலையைப் பாருங்கள். பெரும்பாலும் வேறு நிறுவனத்தின் முத்திரை இருக்கும். அவர்கள் வாடிக்கையாளரிடம் கடிதங்களை வாங்கி, ஊர்வாரியாகப் பிரித்து, ராயல் மெயிலின் மையத்தில் இறக்கிவிடுவார்கள். கடைசிப் பட்டுவாடா மட்டும் ராயல் மெயில். இதற்கான முதல் ஒப்பந்தம் 2004இல் யூகே மெயில் என்ற போட்டி நிறுவனத்தோடு போடப்பட்டது. இன்று அந்நாட்டுக் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த வழியாகத்தான் போகின்றன.

கேள்வி: வாசல் திறந்தே இருக்கிறது, ஆனால் கடைசிவரை தானே கொண்டுபோய்க் கொடுப்பவர் யாரும் நிலைக்கவில்லையே?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 2012இல் டிஎன்டி போஸ்ட் என்ற போட்டி நிறுவனம் மேற்கு லண்டனில் ஆரஞ்சு உடையில் தன் தபால்காரர்களை இறக்கியது. பிறகு மான்செஸ்டர், லிவர்பூல். 2014இல் பெயர் விஸ்ல் என்று மாறியது. ஆனால் அந்த நிறுவனம் எல்லா ஊருக்கும் தானே போக முடியாது. மீதி ஊர்களுக்கு ராயல் மெயிலின் பட்டுவாடாவையே வாங்க வேண்டும். 2014 தொடக்கத்தில் ராயல் மெயில் புதிய கட்டணங்களை அறிவித்தது. தானே பட்டுவாடா செய்கிறவருக்கு மீதி ஊர்களுக்கான விலை கூடும் என்பது அதன் சாரம். ஆஃப்காம் விசாரணை தொடங்கியது, அந்தக் கட்டணம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் முதலீடு செய்ய வந்தவர்கள் தயங்கிப் பின்வாங்கினார்கள். 2015இல் விஸ்ல் வீட்டு வாசல் பட்டுவாடாவை நிறுத்தியது. 2018இல் ஆஃப்காம் ராயல் மெயிலுக்கு 5 கோடி பவுண்டு அபராதம் விதித்தது, தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. ஆனால் அதற்குள் ஆரஞ்சு உடைக்காரர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அவர்களைத் தடுத்தது லைசென்ஸ் இல்லை. அது போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அதனால்தான், லைசென்ஸை எளிதாக்கியதும் போட்டி வந்துவிடும் என்று யாராவது சொன்னால், பட்டுவாடா விலையை யார் தீர்மானிக்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: வரியிலும் வித்தியாசம் உண்டாமே?

உண்டு. ராயல் மெயில் எல்லா முகவரிக்கும் தர வேண்டிய பொதுச் சேவைகளுக்கு வாட் வரி விலக்கு. போட்டியாளர் அதே மாதிரிக் கடிதத்துக்கு வாட் வாங்க வேண்டும். 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம், விலக்கு பொதுச் சேவைக்குச் செல்லும், தனியாகப் பேரம் பேசி முடித்த ஒப்பந்தங்களுக்குச் செல்லாது என்றது. வாட் தொகையைத் திரும்பப் பெற முடியாத வங்கி, தொண்டு நிறுவனங்களுக்கு இந்த வித்தியாசம் நேரடிச் செலவு.

கேள்வி: நிபந்தனையைக் குறைத்தால் தொழிலாளிக்குச் சம்பளமும் குறையாதா?

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே வழக்கமான வேலை நிலைமையை விட மிகவும் தாழ்ந்த நிலையில் ஆள் வைத்தால் லைசென்ஸே மறுக்கலாம் என்று 1997 சட்டத்தில் எழுதியிருந்தார்கள். 2008இல் சந்தை திறந்த அன்றே தபால் துறைக்கு மணிக்கு 9.80 யூரோ வரை குறைந்தபட்சக் கூலி வந்தது. 'பின் குரூப்' (PIN) என்ற பெரிய போட்டியாளர் சரிந்ததற்கு அது முக்கியக் காரணம் என்று சொன்னார்கள். 2010இல் நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. கூலியைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்கு எல்லாத் தொழிலுக்கும் பொதுவான சட்டம் போதும். ஒரு துறையின் வாசலில் மட்டும் வைத்தால், போட்டியாளரைத் தடுக்க வைத்தார்களோ என்ற சந்தேகம் கூடவே வரும். 2024இல் ஜெர்மனியும் லைசென்ஸைக் கைவிட்டுப் பதிவேட்டு முறைக்கு மாறிவிட்டது.

கேள்வி: இருப்பதிலேயே எளிது எது?

நியூசிலாந்து. 1998 முதல் பதிவு செய்தால் போதும்.

கேள்வி: சுற்றி வளைத்து, ஒழுங்குமுறையே வேண்டாம் என்கிறீர்கள்.

இல்லை. எல்லாருக்கும் ஒரே சுமை வேண்டாம் என்கிறேன். எல்லா முகவரிக்கும் ஒரே விலையில் போக வேண்டிய கடமை பிரிட்டனில் ராயல் மெயிலுக்கு மட்டும். நான்கு ஆள் வைத்துக் கடிதம் கொடுப்பவரிடம் போய் அந்தக் கடமையைச் சுமத்தினால், அது லைசென்ஸ் என்ற பெயரில் மறுப்பு. ராயல் மெயிலால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது, அது நியாயமற்றது என்று நிரூபணமானால் மற்றவர்களிடம் பங்கு கேட்கவும் 2011 சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தக் கணக்கைத் தொழில் நடந்த பிறகு போடலாம், வாசலில் போட வேண்டியதில்லை.

கேள்வி: இது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம். சாரணர் குழுக்கள் கிறிஸ்துமஸ் அட்டை கொண்டுபோய்க் கொடுக்குமே, அதுவும் லைசென்ஸ் இல்லாத தபால்தானே?

அருமையான கேள்வி. சட்டத்திலேயே அதற்கு விலக்கு எழுதியிருந்தார்கள்: நவம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை தொண்டு அமைப்புகள் கிறிஸ்துமஸ் அட்டைகளை விநியோகிக்கலாம். பல குழுக்கள் தபால்தலை மாதிரியே லேபிள் அச்சடித்து விற்றன, அதைச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். லைசென்ஸே போன பிறகு விலக்குக்கும் வேலையில்லை. பிள்ளைகள் அட்டையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் போகலாம்.