ஆங்கிலத்தில் ஹூ, விச், தட் போட்டு எழுதும் வாக்கியங்கள் குழப்புகின்றன. எப்படிப் புரிந்துகொள்வது?

நான் தமிழ் வழியில் படித்தவன். குன்னூரில் ஒரு சின்ன தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. பள்ளியில் எத்தனை முறை நடத்தியும் ஏறாத இந்த ரிலேட்டிவ் கிளாஸ் (ஹூ, விச், தட் போட்டு ஒரு பெயரை விளக்கும் துணை வாக்கியம்), ஒரு மின்னஞ்சலில் மானம் போன பிறகுதான் மண்டையில் ஏறியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

'நேற்று வந்த ஆள்', 'நான் பறித்த கொழுந்து' என்று தினமும் பேசுகிறோமே, அந்தப் பெயரெச்சம் செய்யும் வேலைதான் இதுவும். நமக்கு விளக்கம் முன்னால், பெயர் பின்னால். அவர்களுக்குப் பெயர் முன்னால்: 'தி மேன் ஹூ கேம் யெஸ்டர்டே'. ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், இரண்டுக்கும் தட். இதோடு பாதி முடிந்தது.

சிக்கல் எங்கே என்றால், நம் பெயரெச்சம் வேற்றுமை உருபை விழுங்கிவிடும். 'நான் வந்த பஸ்', 'நான் வந்த ஊர்' இரண்டும் ஒரே அச்சு. ஆனால் பஸ்ஸில் வந்தேன், ஊருக்கு வந்தேன். அந்த 'இல்', 'கு' எங்கே போயின? கேட்பவர் தானே நிரப்பிக்கொள்கிறார். ஆங்கிலம் அப்படி விடாது. 'தி பஸ் தட் ஐ கேம்' என்றால் அந்தரத்தில் தொங்கும்; 'தி பஸ் தட் ஐ கேம் ஆன்' என்று முடிக்க வேண்டும். ஊருக்கு 'தி டவுன் தட் ஐ கேம் டு'. சந்தேகம் வந்தால் தனி வாக்கியமாக உடைத்துப் பாருங்கள்: 'ஐ கேம் ஆன் எ பஸ்'. அதில் இருக்கும் 'ஆன்', சேர்த்து எழுதும்போதும் இருக்க வேண்டும். நாள், காரணம் மாதிரி சில சொற்களுக்கு மட்டும் சலுகை உண்டு. 'தி டே ஐ கேம்' சரிதான்.

இதற்கு நேர்மாறான தப்பு, 'தி வர்க்கி தட் ஐ பாட் இட்' (வர்க்கி என்பது எங்கள் பக்கத்து மொறுமொறு பிஸ்கட்). தட் வந்துவிட்டதே, இட் எதற்கு?

சரி, மின்னஞ்சல். எங்கள் விடுதியில் எல்லா அறையும் பள்ளத்தாக்கைப் பார்த்தவைதான். அந்தப் பெருமையில் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு, 'தி ரூம்ஸ் விச் ஃபேஸ் தி வேலி ஹேவ் ஹாட் வாட்டர்' என்று எழுதினேன். மற்ற அறைகளில் டிசம்பர் குளிரிலும் பச்சைத் தண்ணீர்தானா என்று கேட்டு பதில் வந்தது! பிரித்துக் காட்டும் விளக்கத்துக்குக் காற்புள்ளி கிடையாது. கூடுதல் தகவலாக வருவதற்கு இரண்டு பக்கமும் காற்புள்ளி வேண்டும். நான் 'ரூம்ஸ்' பக்கத்தில் ஒன்றும் 'வேலி' பக்கத்தில் ஒன்றும் போட்டிருந்தால் எல்லா அறைக்கும் சுடுதண்ணீர் வந்திருக்கும். தமிழில் பெயரெச்சத்துக்கு இந்த வேறுபாட்டைக் காட்டும் குறியே இல்லை, அதனால்தான் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

ஒன்றே ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் காற்புள்ளி போடுங்கள்: 'தொட்டபெட்டா, விச் இஸ் 2637 மீட்டர்ஸ் ஹை, இஸ் நியர் ஊட்டி'. இந்த இடத்தில் விச்சுக்குப் பதில் தட் வராது. 'தி டிரெயின் தட் லீவ்ஸ் இன் தி மார்னிங்' என்பதற்குக் காற்புள்ளி வேண்டாம். ரயில்கள் பல, அதில் காலை ரயிலைக் காட்டுகிறோம்.

அப்புறம், 'தி வர்க்கி ஐ பாட்' என்று 'தட்' என்பதையே விட்டுவிடலாம், வாங்கியது 'ஐ' என்பதால். 'தி மேன் ஹூ கேம்' என்பதில் ஹூவை விட முடியாது, அங்கே வந்ததே அந்த ஆள்தான். ஹூவின் இன்னொரு வடிவமான 'ஹூம்' பற்றி மட்டும் என்னைக் கேட்காதீர்கள், நான் அதைத் தொட்டே பல வருடம் ஆகிறது.