போயிட்டு வரேன்னு சொல்லலாமா?

கேள்வி: அமைச்சர் ஒருவரைப் பற்றிய ஆங்கிலச் செய்தியில் 'ஃபாக்ஸ் பாஸ்' என்று இருந்தது. அகராதி 'தவறு' என்கிறது. பையன் கணக்கில் விடும் தப்பையும் அப்படிச் சொல்லலாமா? தமிழில் என்ன சொல்வது?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அது 'ஃபோ பா'. பிரெஞ்சுச் சொல் என்பதால் கடைசி எக்ஸும் எஸ்ஸும் ஒலிக்காது. பன்மைக்கும் அதே எழுத்துதான். நேர்ப்பொருள், பிசகி வைத்த அடி. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புகுந்துவிட்டது.

கணக்குத் தப்புக்கு இது ஆகாது. நாலு பேர் முன்னால் நடக்க வேண்டும், அங்குள்ள வழக்கம் ஒன்று மீறப்பட வேண்டும், மீறியவர் தெரியாமல் செய்திருக்க வேண்டும். தெரிந்தே செய்தால் அதற்குப் பெயர் அவமதிப்பு.

நம் ஊர் உதாரணமே பாருங்கள். கல்யாண வீட்டில் கிளம்பும்போது 'போயிட்டு வர்றேனுங்க' என்றால்தான் மரியாதை. வெறும் 'போறேன்' என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதே 'வர்றேனுங்க'வைத் துக்க வீட்டில் சொல்லிப் பாருங்கள்! இன்னொரு சாவுக்கு வருவேன் என்று அர்த்தமாகிவிடும். அதனால்தான் அங்கே யாரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிறார்கள். வாக்கியத்தில் குற்றமில்லை, சொன்ன இடம்தான் பிசகு. ஃபோ பா என்பது இதுதான்.

தமிழில் 'இங்கிதமில்லாமல் பேசிவிட்டார்' கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் அது ஆளின் குணத்தையே குறை சொல்கிறது. ஃபோ பா நல்ல இங்கிதம் தெரிந்தவருக்கும் நேரும். 'வாய் தவறிவிட்டது' பேச்சுக்கு மட்டும் சரி. கைகுலுக்கலிலும் உடையிலும் நடப்பதற்கு உதவாது. சிலர் 'அசம்பாவிதம்' என்று எழுதுகிறார்கள், வேண்டாம். அது அடிதடி, விபத்துக்கான சொல். எழுத்துக்கு 'சபைப் பிசகு' என்பது எங்கள் சிபாரிசு. அகராதியில் தேடாதீர்கள், ஆனால் கேட்டதும் புரியும். 'பிசகு செய்தார்' என்று எழுதினால் வேண்டுமென்றே செய்தது போலிருக்கும்; 'பிசகு நேர்ந்தது' என்றே எழுதுங்கள்.

கேள்வி: 'இடக்கரடக்கல்' என்பதில் உள்ளது இடக்குப் பண்ணுவதில் வரும் 'இடக்கு'தானா?
– வாசகர், ஏற்காடு

பதில்: இல்லை. இடக்கு என்றால் முரண்டு. இடக்கர் என்பது சபையில் சொல்லக் கூசும் சொல். அதை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தான்' பள்ளிக்கூட உதாரணம். செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதை இதில் சேர்க்காதீர்கள்; அதை நன்னூல் 'மங்கலம்' என்று தனியே வைக்கிறது. விளக்கை 'அணை' என்னாமல் 'குளிர வை' என்பதும் அந்த வகைதான்.