சி.ஆர்.பி. இறங்காதபோது ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. நிமோனியாவுக்காக ஐ.சி.யூ.வில் இருக்கிறார். பாக்டீரியா தொற்றைக் காட்டும் ப்ரோகால்சிடோனின் ரத்தப் பரிசோதனையில் முதல் நாள் 8.4, மூன்றாம் நாள் 3.6, ஐந்தாம் நாள் 1.1. ஆனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இன்னும் 90, வெள்ளணுக்கள் 14,000. நாளையோடு ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம் என்கிறார் டாக்டர். அவசரப்படுகிறாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்த எண்களைப் பார்த்தால் அவர் அவசரப்படுவதாகத் தெரியவில்லை.

ப்ரோகால்சிடோனின் பாக்டீரியா தாக்கிய சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறும். கிருமி அடங்கினால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகும். உச்ச அளவிலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ, மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்குக் கீழே வந்தாலோ நிறுத்துவதைப் பரிசீலிக்கலாம் என்பது ஐ.சி.யூ. நோயாளிகளுக்கான கணக்கு. 8.4-ல் 80 சதவீதம் போனால் 1.68. உங்கள் அப்பா அதையும் தாண்டி இறங்கிவிட்டார். இந்தக் கணக்கை வைத்து நெதர்லாந்தில் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், மருந்து நாட்கள் 7-லிருந்து 5 ஆகக் குறைந்தன. இறப்பு கூடவில்லை.

சி.ஆர்.பி.யின் இயல்பு வேறு. உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் அதைச் சுரக்கும். கிருமி செத்த பிறகும் நுரையீரல் ஆறும்வரை அது மெதுவாகத்தான் இறங்கும். பிரிட்டனில் 2,760 செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளை வைத்து நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், ப்ரோகால்சிடோனினைப் பார்த்து நிறுத்தியபோது சிகிச்சை பாதுகாப்பாகவே ஏறக்குறைய ஒரு நாள் குறைந்தது. சி.ஆர்.பி.யைப் பார்த்தபோது அப்படிக் குறையவில்லை. வெள்ளணு ஏற ஸ்டீராய்டு ஊசியே போதும். மருந்துச் சீட்டில் ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

லேப் மாறியிருந்தால் அலகையும் கவனியுங்கள். சி.ஆர்.பி.யை ஒரு லேப் லிட்டருக்கு 90 மில்லிகிராம் என்று தருவதை இன்னொன்று டெசிலிட்டருக்கு 9 என்று தரும். இரண்டும் ஒன்றுதான். ப்ரோகால்சிடோனினை முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள், கருவிக்குக் கருவி அளவு மாறும்.

எண் மட்டும் போதாது, ஆளும் தேறியிருக்க வேண்டும். நிமோனியாவுக்குக் குறைந்தது 5 நாள் மருந்து போயிருக்க வேண்டும். காய்ச்சல் 100 டிகிரிக்குள், நாடித்துடிப்பு 100-க்குள், மூச்சு நிமிடத்துக்கு 24-க்குள், மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். தெளிவாகப் பேசி, வாயால் சாப்பிடவும் வேண்டும். வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்காதபோது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எவ்வளவு நிற்கிறது என்றும் கேளுங்கள்.

டாக்டரிடம் தவறாமல் கேட்க வேண்டியது: “பிளட் கல்ச்சரில் என்ன வளர்ந்தது? நெஞ்சில் சீழ் கட்டியிருக்கிறதா?” ரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தால், ப்ரோகால்சிடோனின் எவ்வளவு இறங்கினாலும் குறைந்தது 14 நாள் மருந்து வேண்டும். இதய வால்வில் தொற்று என்றால் பல வாரம். சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்றுக்கு, ஊசி மருந்து முடிந்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை உண்டு. ஒரே இடத்தில் அடைபட்ட சீழ், காசநோய் போன்றவற்றில் ப்ரோகால்சிடோனின் ஏறாமலே இருக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பெரிய ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் பாக்டீரியா இல்லாமலே ஏறலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். ப்ரோகால்சிடோனின் பரிசோதனை ஆன்டிபயாடிக்கை நிறுத்துவதற்கு உதவுமே தவிர, செப்சிஸ் என்று சந்தேகப்படும்போது தொடங்குவதைத் தள்ளிப்போட உதவாது. ரத்த அழுத்தம் விழுந்து, மூச்சு வாங்கும் நோயாளிக்கு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் சில மணி நேரத்தில் அளவு குறைவாகவே காட்டக்கூடும்.

மருந்தை நிறுத்திய பிறகு இரண்டு நாள் காய்ச்சல், மூச்சு, ஆக்சிஜன் மூன்றையும் கவனியுங்கள். ஏதாவது மோசமானால் மட்டும் திரும்ப ரத்தம் எடுத்தால் போதும். சி.ஆர்.பி. 5-க்குக் கீழே வரட்டும் என்று தினமும் பரிசோதிக்கத் தேவையில்லை.