எந்தப் படகில் ஏறுவது? லிவ்அபோர்ட் டைவிங் கேள்வி-பதில்

படகிலேயே தூங்கி, படகிலேயே சாப்பிட்டு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கடலில் இறங்கும் பயணத்துக்குத்தான் லிவ்அபோர்ட் என்று பெயர். இதைப் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ‘இந்தப் படகா, அந்தப் படகா’ என்றுதான் தொடங்குகின்றன. என்னைக் கேட்டால், படகு மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது. முதலில் உங்கள் லாக்புக்கை, அதாவது இதுவரை போட்ட டைவ்களின் பதிவேட்டைப் பாருங்கள், அடுத்து காலண்டரை. மேல்தளத்து வெந்நீர்த் தொட்டியின் புகைப்படத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைப் பயிற்சியை முடித்துவிட்டேன். புதுச்சேரியிலும் ஹேவ்லாக்கிலும் சேர்த்துப் பன்னிரண்டு டைவ் ஆகியிருக்கிறது. முதல் லிவ்அபோர்ட்டுக்கு மாலத்தீவா, தாய்லாந்தின் சிமிலனா?
– வாசகர், சென்னை

சிமிலன். யோசிக்கவே வேண்டாம்.

மாலத்தீவின் பெயர்பெற்ற டைவ்களில் பல, அங்கே ‘கண்டு’ என்று சொல்லப்படும் வாய்க்கால்களில் நடக்கின்றன. பவழத்தீவு வளையத்தின் உள்கடலும் வெளிக்கடலும் சந்திக்கிற இடைவெளி அது. வெளிக்கடல் தண்ணீர் உள்ளே பாயும் நேரத்தில் அதன் முகப்பில் சுறாக்கள் வந்து நிற்கும். அதைப் பார்க்க வேண்டுமானால், குதித்த பிறகு மேலே மிதந்துகொண்டு முகமூடியைச் சரிசெய்ய நேரம் கிடையாது. பி.சி.டி. என்ற மிதவைச் சட்டையில் காற்றே இல்லாமல் விழ வேண்டும், நேராக இருபத்தைந்து முப்பது மீட்டருக்கு இறங்க வேண்டும், விளிம்புப் பாறையில் ரீஃப் கொக்கியை மாட்டிக்கொண்டு நீரோட்டத்தில் கொடி மாதிரி ஆட வேண்டும். நீங்கள் காதின் அழுத்தத்தைச் சமன் செய்து முடிப்பதற்குள் குழு வாய்க்காலின் வாயைத் தாண்டியிருக்கும். தவிர, உங்கள் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான். நல்ல படகுக்காரர் உங்களை அந்த டைவில் இறக்கவே மாட்டார். அப்போது மற்றவர்கள் சுறா பார்க்க, நீங்கள் மேலே டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

சிமிலன் படகுகள் பெரும்பாலும் காவ் லாக் பக்கம் தாப் லமு துறையிலிருந்து கிளம்புகின்றன. தொடக்கத்தில் தீவுகளை ஒட்டிய சாதுவான டைவ்கள், அப்புறம் கோ போன், கோ தாச்சாய், பெரும்பாலும் கடைசியில் ரிச்செலியு பாறை. ரிச்செலியுவில் நீரோட்டம் இருக்கும், ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் உங்களுக்குக் கை பழகியிருக்கும். பல படகுகளில் பயணத்தோடு சேர்த்தே அட்வான்ஸ்ட் பயிற்சியும் முடித்துக்கொள்ளலாம், 30 மீட்டர் தகுதி கிடைத்துவிடும். மாலத்தீவு எங்கேயும் ஓடிப்போகாது.

நான் பள்ளி ஆசிரியை. எனக்கு மே மாதம்தான் விடுமுறை. மே மாதத்தில் எங்கே போகலாம்? இதுவரை 60 டைவ்.
– வாசகி, திருச்சி

சிமிலன் தேசியப் பூங்கா திறந்திருப்பது அக்டோபர் 15 முதல் மே 15 வரைதான். கடைசி வாரத்தில் போய்ச் சேர்ந்தாலும் கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

மே மாதத்தில் மாலத்தீவு வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஆனால் எந்தப் பக்கம் டைவ் செய்யப்போகிறார்கள் என்று கேட்பேன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். தெளிந்த தண்ணீர் கிழக்கு வாய்க்கால்கள் வழியாக உள்ளே வரும், அங்கே சுறாக்கள். உள்கடலில் மிதவை உயிரிகளை அள்ளிக்கொண்டு கலங்கிய தண்ணீர் மேற்கில் வெளியேறும், அங்கே மாண்டா திருக்கைகள். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் இது அப்படியே தலைகீழாகிவிடும். அதனால் எந்த மாதமானாலும் ஒரே பாதையைப் போட்டு விற்கிற நிறுவனத்திடம் எச்சரிக்கையாக இருங்கள். மாண்டாக்கள் கூட்டமாக வருவதற்குப் பெயர்போன, பா என்ற பவழத்தீவு வளையத்தின் ஹனிஃபாரு விரிகுடாவுக்காகப் போவதென்றால் ஜூனிலிருந்து நவம்பர் வரைதான் காலம். அங்கே சிலிண்டரோடு இறங்கும் ஸ்கூபாவுக்குத் தடை, மூச்சுக்குழாயோடு மேலே மிதக்கும் ஸ்நார்க்கல் மட்டுமே.

உங்கள் 60 டைவுக்கு என் முதல் தேர்வு இந்தோனேசியாவின் கொமோடோ. லாபுவான் பாஜோவிலிருந்து கிளம்புவார்கள். மே மாதம் அங்கே மழை ஓய்ந்த நல்ல காலம். வடக்கே தண்ணீர் 27, 28 டிகிரி இருக்கும். அதே பயணத்தில் தெற்கே போனால் 23, 24க்கு இறங்கிவிடும், மெல்லிய வெட்சூட்டோடு போனால் பல்லெல்லாம் தந்தியடிக்கும். 5 மி.மீ. உடையும் தலையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். காசில் ராக், பத்து போலோங் என்ற டைவ் இடங்கள் இரண்டிலும் நீரோட்டம் கடுமை. ‘எனக்கு நீரோட்டப் பழக்கம் குறைவு’ என்று முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஒரே வாரம், ஒரே பாதை, மாலத்தீவில் இரண்டு படகுகள். ஒன்று நிறைய மலிவு. எதில் இடிக்கிறது?
– வாசகர், சிங்கப்பூர்

இடிக்காமலும் இருக்கலாம். இரண்டின் முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மலிவு விலையில் சேராதவை வழக்கமாக இவை: நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த சிலிண்டர் காற்று), வாடகைக் கருவிகள், எரிபொருள் கூடுதல் கட்டணம், விமான நிலையத்திலிருந்து படகுவரை போகும் செலவு, பணியாளர்களுக்கான டிப்ஸ், அரசின் பசுமை வரி. பசுமை வரி மட்டுமே 2025 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர்.

கூட்டிய பிறகும் வித்தியாசம் நின்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை டைவர்? எட்டு என்றால் நீரோட்டத்தில் அது மந்தை மேய்ப்பு. டைவிங்குக்குத் தனி டோனி, அதாவது துணைப்படகு உண்டா? மாலத்தீவில் சிலிண்டர்களும் அவற்றில் காற்றடைக்கும் கம்ப்ரெஸரும் பெரும்பாலும் பக்கத்திலேயே வரும் டோனியில்தான் இருக்கும். கம்ப்ரெஸர் தாய்ப்படகிலேயே இருந்தால், இரண்டு டைவுக்கு நடுவே நீங்கள் தூங்கப் பார்க்கும் நேரத்தில் அது உங்கள் தலைமாட்டில் கத்திக்கொண்டிருக்கும்.

எகிப்தின் செங்கடலில் வடக்குப் பாதையா, பிரதர்ஸ்–டேடலஸ்–எல்ஃபின்ஸ்டோன் பாதையா? 35 டைவ் முடித்திருக்கிறேன்.
– வாசகர், துபாய்

உங்களுக்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. பிரதர்ஸ், டேடலஸ் போன்ற கடற்பூங்காத் தீவுகளுக்கு 50 டைவ் பதிவாகியிருக்க வேண்டும். வடக்கே போங்கள். 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மன் விமானங்கள் மூழ்கடித்த திசில்கார்ம் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் அங்கே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் சரக்கறையில் இன்னும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் வரிசையாக நிற்கின்றன. அதற்கு முன் நைட்ராக்ஸ் பயிற்சியை முடித்துவிடுங்கள். 32 சதவீத ஆக்ஸிஜன் கலவையின் ஆழ எல்லை ஏறக்குறைய 33 மீட்டர், இந்தக் கப்பலுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும்.

செங்கடலில் படகுகள் மூழ்கும் செய்திகளைப் படித்த பிறகு மனைவி போகவே கூடாது என்கிறாள். பயம் நியாயமானதா?
– வாசகர், கோயம்புத்தூர்

நியாயமானதுதான். 2024 நவம்பர் 25 அதிகாலையில் ‘சீ ஸ்டோரி’ என்ற படகு மர்ஸா ஆலம் பக்கம் கவிழ்ந்தபோது நான்கு உடல்கள் கிடைத்தன, ஏழு பேரைக் காணவில்லை. கவிழ்ந்த படகின் அறைக்குள் ஒரு நாளுக்கு மேல் சிக்கிக்கிடந்து உயிரோடு வந்தவர்களும் உண்டு. கடலுக்குப் போகாதீர்கள் என்று வானிலை எச்சரிக்கை இருந்த நேரம் அது. எகிப்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 2019 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவில், கலிஃபோர்னியாக் கரைக்கு அருகில் ‘கன்செப்ஷன்’ படகு தீப்பிடித்து எரிந்ததில் 34 பேர் இறந்தார்கள். கீழ்த்தளப் படுக்கையறைக்கு வெளியேற இரண்டு வழி இருந்தது. இரண்டும் மேலே ஒரே கூடத்தில்தான் திறந்தன, தீ அந்தக் கூடத்தில். இரவில் சுற்றிப் பார்க்கக் காவலாளும் இல்லை. அதை முதன்மையான குறையாக விசாரணை சொன்னது.

அதனால் பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: இரவு முழுக்க விழித்திருக்கும் காவல் உண்டா? கீழ்த்தள அறைகளுக்கு இரண்டாவது வழி எங்கே திறக்கிறது? வானிலை கெட்டால் பாதையை மாற்றுவீர்களா, அப்போது பணம் என்ன ஆகும்? மழுப்பலான பதில் வந்தால் அடுத்த படகுக்குப் போங்கள்.

படகில் ஏறிய அன்றே, பெட்டியைத் திறப்பதற்கு முன், இரண்டாவது வழியை நீங்களே ஒரு முறை ஏறிப் பாருங்கள். பார்த்தால் போதாது, ஏறுங்கள். அந்த வழியின் சதுரக் கதவு பல படகுகளில் மேல்கட்டிலுக்கு நேர் மேலே இருக்கும். அதன்மேல் யாரோ பையை வைத்திருப்பார்கள், அல்லது தாழ்ப்பாள் உப்பேறி இறுகியிருக்கும். திறக்கவில்லை என்றால் கேப்டனைக் கூப்பிட்டு அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். டார்ச், கேமரா பேட்டரிகளை அறைக்குள் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். லைஃப் ஜாக்கெட்டை ஒரு முறை போட்டுக் கழற்றுங்கள். போனும் பாஸ்போர்ட்டும் உள்ள சிறு பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடிந்தால் மேல்தள அறை, விலை கூடினாலும் பரவாயில்லை. இவ்வளவையும் கேட்டு வாங்கிய பிறகும் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை என்றால், எகிப்தின் கரையோர நகரமான ஹர்காடாவில் அறை எடுத்துத் தினமும் போய்வரும் டைவ்களே போதும்.

சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?
– வாசகி, மயிலாடுதுறை

இந்தோனேசியப் படகுகளில் சுலபம். டெம்பே, டோஃபு தினமும் இருக்கும், சம்பலில் மட்டும் இறால் விழுது கலந்திருக்கும். தாய்லாந்தில் காய்கறிப் பொரியலிலும் மீன்சாறு ஊற்றுவார்கள், ‘ஜே’ உணவு என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். மாலத்தீவில் காலைப் பலகாரமே சூரையும் தேங்காயும் பிசைந்த மாசுஹுனி. பதிவு செய்யும்போதே ‘மீனும் கிடையாது’ என்று தனியாக எழுதிவிடுங்கள். சைவம் என்றால் மீன் மட்டும் சாப்பிடுவோம் என்று நினைக்கும் சமையல்காரர்கள் நிறையப் பேர். பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போனால், சூடான சோறு எல்லாப் படகிலும் கிடைக்கும்.

மீன்பிடிப் படகில் அரை மணி நேரம் போனாலே குமட்டுகிறது. நான் இதற்கு லாயக்கா?
– வாசகர், தூத்துக்குடி

லாயக்குத்தான். கீழ்த்தளத்தில், படகின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மேலே சொன்ன மேல்தள யோசனைக்கு இது நேர் எதிர், எனக்கும் தெரியும். உங்களுக்கு எது பெரிய பிரச்சினையோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை விஷயத்தில், டைவ் செய்யப்போவதை டாக்டரிடம் சொல்லியே வாங்குங்கள். பல மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், அதனால் முதலில் கரையில் போட்டுப் பாருங்கள். குமட்டிய பிறகு போட்டால் பயனில்லை, படகு கிளம்பும் முன்பே போட வேண்டும்.

கடைசி டைவ் வியாழன் மதியம் பன்னிரண்டுக்கு முடிகிறது. வெள்ளி விடிகாலை நாலு மணிக்கு லாபுவான் பாஜோவிலிருந்து கார், காலையில் பாலிக்கு விமானம். பாலியில் இறங்கியதும் பத்தூர் எரிமலை ஏறலாமா?
– வாசகர், பெங்களூரு

விமானம் எத்தனை மணிக்கு என்று எழுதவில்லையே! பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்களுக்கு, டைவர்களின் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் பரிந்துரை, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேர இடைவெளி. உங்களுக்கு அது வெள்ளி காலை ஆறு மணிக்கு முடிகிறது. பெரும்பாலான படகுகள் 24 மணி நேரம் விடுகின்றன, நானும் அதையே சொல்வேன். வெள்ளி மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானமாக மாற்றுங்கள், முடியாவிட்டால் வியாழன் டைவை விட்டுவிடுங்கள்.

பத்தூர் 1,717 மீட்டர். மலையும் விமானமும் உடம்புக்கு ஒன்றுதான், இரண்டிலும் காற்றழுத்தம் குறைகிறது, டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் அப்போது குமிழியாகிவிடலாம். கடைசி டைவுக்குப் பிறகு 24 மணி நேரம் தாண்டிவிட்டால் ஏறலாம். ஆனால் ஒரு வாரம் தினமும் மூன்று நான்கு டைவ் போட்ட உடம்போடு, பாலியில் இறங்கிய அன்றிரவே ஒன்றரை மணிக்கு எழுந்து மலை ஏறும் ஆசை எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பத்தூரைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.